மண்டபம் முழுக்கக் கணு

ஆடி 1, வியாழன்

மண்டபத்தைப் பூட்டியாயிற்று. இனி ஆவணி நான்காம் தேதிதான் அடுத்த கல்யாணம். ஊரில் உள்ள மைக் செட்காரர்கள் எல்லாம் இந்த மாதம் அம்மன் கோயில் அம்மன் கோயிலாக ஓடுவார்கள். எனக்கு அந்த ஓட்டம் கிடையாது. அருப்புக்கோட்டையில் ஒரே ஒரு கல்யாண மண்டபத்து மைக்குக்கு மட்டும் நான் சொந்தக்காரன். சொந்தக்காரன் என்றால் குமிழைத் திருகும் உரிமை உள்ளவன். மண்டபம் வேறு ஆளுடையது.

எந்தக் கல்யாணத்துக்கு எந்தக் குமிழை எவ்வளவு வைத்தேன் என்று எழுதுவதற்குத்தான் இந்த நோட்டு. இருபத்தாறு வருஷப் பழக்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. எழுதுகிற வியாதி மட்டும் விடவில்லை. ஆடியில் குமிழ் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

கடைசிக் கல்யாணத்தில் நடந்ததையும் எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேனேஜர் தனுஷ்கோடி சொல்லும் கதைதான் ஊரில் நிற்கும். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் மணமக்களை வாழ்த்திப் பேசினார். அரை மணி நேரமாக வாழ்த்தினார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முன்வரிசையில் எல்லாரும் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டார்கள். அப்புறம் பின்வரிசை. ஒரு பேச்சை இப்படியுமா நக்கலடிப்பார்கள் என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். தனுஷ்கோடி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"அண்ணாச்சி, மைக்கு கீங்குன்னு காதக் கிழிக்குது. நீங்க உக்காந்து சிரிக்கிறீங்க?"

மைக் கத்தவில்லை. லேசாக உறுமியிருக்கலாம். அந்த மண்டபமே அப்படித்தான். நாலு பக்கமும் மொட்டைச் சுவர், கீழே டைல்ஸ்.

"ஆவணி நாலுக்குள்ள சரி பண்ணிருங்க. இன்னொரு தடவ கத்துச்சுன்னா மதுரையில இருந்து ஆளக் கூட்டியாந்து அந்த நாற்காலியில உக்கார வச்சிருவேன். தப்பா நினைக்கக் கூடாது."

"நினைக்க மாட்டேன் தம்பி, பேசத்தான் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த நாற்காலியில் என் முதுகு அளவுக்கு ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. மதுரைக்காரன் உட்கார்ந்தால் அவனுக்கு இடுப்பு வலிக்கும்.

ஆடி 2, வெள்ளி

பருப்பு தீய்ந்துவிட்டது. மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி சீனியம்மாள் கோயிலுக்குப் போனாள். குக்கர் விசிலே போடவில்லை. வாஷர் போயிருக்கும்.

ஆடி 4, ஞாயிறு

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, "மண்டபத்துல மைக்கு எதுக்குக் கத்துது" என்று கேட்டேன். முதலில் தொண்டைக்கட்டுக்குக் கஷாயம் காட்டியது. அப்புறம் பந்தல்காரர் விளம்பரம். மூன்றாவதாக ஒரு டீச்சரம்மா வந்தார். பிளஸ் ஒன் இயற்பியல், நிலை அலைகள், பகுதி ஒன்று. ஏழுக்கு அப்புறம் நேராகப் பதினொன்று. டபுள் புரமோஷன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் ஒரு கயிற்றைச் சுவரில் கட்டி ஆட்டிக் காட்டினார். இங்கிருந்து போகிற அலை சுவரில் மோதித் திரும்பி வருகிறது. போகிறதும் வருகிறதும் சரியான கணக்கில் சேர்ந்துவிட்டால் அலை எங்கேயும் போகாமல் நின்ற இடத்திலேயே ஆடும். கயிற்றில் சில இடம் அசையவே அசையாது. அதற்குக் கணு என்று பேர். இரண்டு கணுவுக்கு நடுவில் கயிறு வயிறு உப்பினாற்போல் ஆடும். அது எதிர்க்கணு. சத்தமும் இப்படித்தானாம். ஒரு அறைக்குள் ஒரு இடத்தில் சத்தம் மொத்தமாக இருக்கும், இரண்டு எட்டு தள்ளி நின்றால் ஒன்றும் இருக்காது.

இதைத்தான் நான் இருபத்தாறு வருஷமாகச் சொல்கிறேன். தப்பு மண்டபத்தின் பேரில்.

சீனியம்மாள் அடுப்படியில் இருந்து வந்து, வழக்கம்போல என் வலப்பக்கம் உட்கார்ந்தாள். மணவறையில் உட்கார்ந்த பக்கத்தை இன்னும் விடமாட்டேன் என்கிறாள். தெருவில் நடந்தாலும் வலப்பக்கம், பஸ்ஸில் ஏறினாலும் வலப்பக்கம். கேட்டால் காற்று வருகிறது என்பாள்.

"கொஞ்சம் சத்தத்தக் குறைங்க. எதுத்த வீட்டு ராமக்கா, உங்க வீட்டுல யாரு பிளஸ் ஒன் படிக்கான்னு கேக்கா."

"நான்தான்னு சொல்லு. பரிட்சைக்குப் பேனா வாங்கித் தருவாளான்னும் கேட்டு வையி."

"வயசு எழுபத்தொண்ணு."

"அதனால என்ன, ஹால் டிக்கெட்டுல போட்டோ மட்டும் பழச ஒட்டிக்கிருவேன்."

ஆடி 6, செவ்வாய்

கொடிக்கயிற்றை அவிழ்த்து ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி ஆட்டினேன். மெதுவாக ஆட்டினால் ஒரு வயிறு. வேகமாக ஆட்டினால் இரண்டு வயிறு, நடுவில் ஒரு கணு. அந்தக் கணுவில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினேன். கயிறு அந்த ஆட்டம் ஆடுகிறது, கிளிப் அப்படியே சாமி மாதிரி நிற்கிறது. எழுபத்தொரு வருஷத்தில் இதை யாரும் எனக்குக் காட்டவில்லை.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி எழுத வேண்டியதை எல்லாம் சீனியம்மாள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

ஆடி 9, வெள்ளி

குக்கருக்குப் புது வாஷர் வாங்கிப் போட்டேன். இன்றும் விசில் இல்லை. கம்பெனிக்காரன் வாஷரில் ஏமாற்றுகிறான்.

ஆடி 11, ஞாயிறு

மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். கூடச் சீனியம்மாள், ஒரு டேப், ஒரு டப்பா கோலமாவு. ஒரே சத்தத்தை நீட்டி ஒலிக்க வைக்கிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தேன். அதில் எண்ணைக் கூட்டினால் சத்தம் மெலிசாகும், குறைத்தால் தடிக்கும். நூறு வைத்து ஸ்பீக்கரில் விட்டேன். ம்ம்ம் என்று யானை கொட்டாவி விட்டாற்போல் ஒரு சத்தம்.

மேடையில் இருந்து பின்சுவரைப் பார்த்து நடந்தேன். நெஞ்சுக்குள் உறுமிக்கொண்டே வந்த சத்தம், ஓர் இடத்தில் யாரோ துணி போட்டு மூடினாற்போல் அமுங்கிவிட்டது. அங்கே ஒரு சிட்டிகை கோலமாவு. மேலே நடந்தால் திரும்ப உறுமுகிறது. திரும்ப அமுங்குகிறது. அங்கே ஒரு சிட்டிகை. நான் வைத்த புள்ளிகளை நம்பாமல் சீனியம்மாளும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"இங்கயா?"

"அங்கயேதான். ஆனா புள்ளி நேரா வைக்கத் தெரியல உங்களுக்கு."

டீச்சர் சொன்ன கணக்கு: நம் ஊர் வெக்கையில் சத்தம் நொடிக்கு முந்நூற்றைம்பது மீட்டர் ஓடும். அதை நூறால் வகுத்து, அதில் பாதி எடுத்தால் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் உள்ள தூரம். ஒன்றே முக்கால் மீட்டர். டேப்பைப் பிடித்தோம். ஐந்தே முக்கால் அடி. இரண்டும் ஒன்றுதான். சீனியம்மாள் டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கியது என்று வீட்டுக்கு வந்து சொல்கிறாள். கோலமாவு விழுந்திருக்கும்.

ஆடி 13, செவ்வாய்

தனுஷ்கோடியைக் கூட்டிவந்து ஒரு புள்ளியில் நிறுத்தினேன். சத்தம் போச்சு என்றார். ஓர் எட்டு தள்ளி நிறுத்தினேன். வந்துருச்சு என்றார். திரும்பப் புள்ளியில். அப்படி நாலு தடவை அவரை முன்னும் பின்னும் நகர்த்தினேன். இரண்டு தடவைக்கு மேல் தேவையில்லைதான். மேனேஜரை நகர்த்துகிற வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்.

"பெரிய ஆளுதான் அண்ணாச்சி. இதுக்கு என்ன செய்யணும்?"

"பின்சுவத்துல கனத்த திரை போடணும். போற சத்தம் திரும்பி வரப்படாது."

மேடைத் திரைகள் பழசு நாலு பரணில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"உறுமல் சரியாயிரும். அன்னைக்குக் கேட்டது உறுமல் இல்லையே அண்ணாச்சி. கீச்சு."

"அதுக்கும் கணு இருக்கும் தம்பி. கண்டுபிடிச்சிருவோம்."

ஆடி 15, வியாழன்

தனியாகப் போனேன். ஆயிரத்தில் வைத்தேன். கேட்டது. கணு எல்லாம் சாணுக்கும் குறைவான தூரத்தில் நெருக்கி நெருக்கி வந்தது. தலையை இப்படி ஆட்டினால் உண்டு, அப்படி ஆட்டினால் இல்லை. மாடு மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே நடந்தேன். இரண்டாயிரத்தில் வைத்தேன். ரொம்ப தூரத்தில் யாரோ பேசுவதைப்போல் இருந்தது.

நாலாயிரத்தில் வைத்தேன். மேடையிலிருந்து பின்சுவர் வரை நடந்தேன். இல்லை. பந்தி அறை வாசலில் இருந்து மணமகள் அறை வாசல் வரை குறுக்கே நடந்தேன். இல்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி நடந்தேன். மூலை மூலையாகப் போய்த் தலையை ஆட்டினேன். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை.

ஆகவே கண்டுபிடித்துவிட்டேன். மெல்லிய சத்தத்துக்கு இந்த மண்டபம் முழுக்கக் கணு. மொத்தமாக விழுங்கிவிடுகிறது. இதைத் தனுஷ்கோடியிடம் சொல்ல வேண்டும்.

வாசலில் எப்போதும் படுத்திருக்கிற நாய் இன்று காரணமே இல்லாமல் எழுந்து ஓடியது. டீக்கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்து ஏதோ கையைக் காட்டினார். டீ வேண்டுமா என்று கேட்கிறார் போல. வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

ஆடி 16, வெள்ளி

நாலாயிரத்தில் வைத்து மறுபடி நடந்துகொண்டிருந்தேன். சீனியம்மாள் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தவள், அதை வாசப்படியிலேயே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"எதுக்குப் பொத்துற? ஒரு பொட்டுச் சத்தம் இல்லையே" என்றேன்.

என்னையே பார்த்தாள். அப்புறம் காதைப் பொத்தியபடி முழங்கையால் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு என் மேசைக்குப் போனாள். போனைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். ஒரு கையை மட்டும் எடுத்துச் சுவிட்சை அணைத்தாள். அணைத்த பிறகு இன்னொரு கையையும் இறக்கினாள்.

"ஆப்பு வேலை செய்யல போல" என்றேன்.

"ஆமா. ரிப்பேர்தான்" என்றாள். "வாங்க, சாப்பாடு ஆறுது."

கத்தரிக்காய் நன்றாக இருந்தது. அவள் சாப்பிடவில்லை, பசிக்கவில்லை என்றாள். வலப்பக்கம் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஆடி 17, சனி

எழுத ஒன்றும் இல்லை.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு. ராமக்கா வீட்டுக்கும் ஒரு தூக்கு போயிற்று.

மத்தியானம் டீச்சரின் முதல் பாடத்தைத் திரும்பப் போட்டேன். போன தடவை நான் கேட்காமல் விட்ட இடம் ஒன்று இருந்தது. டீச்சர் பலகையில் எழுதியும் காட்டுகிறார், அதனால் தப்பாகக் கேட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. "கணு மட்டும் தனியா வராது. ரெண்டு கணு இருந்தா அதுக்கு நடுவுல ஒரு எதிர்க்கணு கண்டிப்பா இருக்கும். எங்கயுமே ஆட்டம் இல்லன்னா, அங்க அலையே இல்லன்னு அர்த்தம்."

ஆனால் அலை இருந்தது. நாய் ஓடியது. சீனியம்மாள் காதைப் பொத்தினாள்.

ஆடி 19, திங்கள்

காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டேன்.

"எத்தன நாளாத் தெரியும்?"

எதை என்று அவள் கேட்கவில்லை.

"மூணு வருஷமா. எடது காதுல சுத்தமா இல்ல. வலதுல தடிச்ச சத்தம் கேக்குது. நான் அந்தப் பக்கமே வந்துக்கிட்டேன்."

"காத்து வருதுன்ன."

"வேற என்ன சொல்ல. ஊரையே கேலி பண்ற மனுசன். உங்கள யாரும் கேலி பண்ணீறப்படாதுன்னு இருந்தேன்."

"குக்கரு?"

"நல்லாத்தான் விசில் போடுது. நீங்க கழட்டிப் போட்ட பழைய வாஷரும் பத்திரமா இருக்கு."

இருபத்தாறு வருஷம் காதை வைத்துச் சாப்பிட்டவன் நான். ஹெட்மாஸ்டர் பேச்சை நினைத்துப் பார்த்தேன். முந்நூறு பேர் காதைப் பொத்திக்கொண்டு துடிக்கிறார்கள், எதிரே ஒரு கிழவன் குலுங்கிச் சிரிக்கிறான். மணமகளின் அக்கா மடியில் ஒரு கைக்குழந்தை அன்று வீரிட்டு அழுததும் ஞாபகம் வந்தது. வாழ்த்துக்கு அழுகிறது என்று அதற்கும் சிரித்தேன்.

சீனியம்மாள் இரண்டாவது காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். கேட்காமல் இரண்டாவது காப்பி கொடுக்கிறவள் இல்லை.

ஆடி 22, வியாழன்

தனுஷ்கோடியைப் போய்ப் பார்த்தேன். மூன்று நாள் எடுத்தது என்று எழுதினால் போதும்.

"தம்பி, அந்தக் கீச்சுக்குக் காரணம் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்ன அண்ணாச்சி?"

"எனக்குக் காது கேக்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தெரியும் அண்ணாச்சி. ஊரே காதப் பொத்துது, நீங்க சிரிக்கிறீங்க. அன்னைக்கே தெரிஞ்சிருச்சு."

"அப்ப எதுக்கு ஆவணி நாலுன்னு தவணை குடுத்தீரு?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுக்குப் பதிலா என்னைக் கூட்டிப்போய்ப் புள்ளியில நிறுத்தி நிறுத்தி வெளாடுனீங்க."

நான் சிரிக்கவில்லை. அவர்தான் சிரித்தார். அப்புறம் சொன்னேன்: நான் உட்காருகிறேன், என் வலப்பக்கம் சீனியம்மாள் உட்காருவாள். கீச்சு கிளம்புகிற நேரத்தில் அவள் என் முழங்காலில் தட்டுவாள், நான் குமிழை இறக்குவேன். காது அவளுடையது, கை என்னுடையது.

தனுஷ்கோடி மேசைக் கண்ணாடியை ஒரு தடவை துடைத்தார்.

"ஒரு கல்யாணம் பாக்கலாம். ஒரு கீச்சு கேட்டாலும் மதுரைக்காரர்தான். அப்புறம் நீங்க பேசவும் கூடாது."

"பேச மாட்டேன்" என்றேன். இந்த வரியில் எழுத்து கோணுகிறது. பேனா மோசம்.

ஆடி 29, வியாழன்

ஒரு வாரமாகத் தினமும் மண்டபம். பின்சுவரில் திரை தொங்குகிறது. உறுமல் பாதிக்குப் பாதி போயிற்று. மைக்கை மேடையில் ஓரோர் இடத்தில் வைத்து, கத்துகிற வரைக்கும் குமிழை ஏற்றுவேன். சீனியம்மாள் தட்டுவாள். போனில் இன்னொரு ஆப் இருக்கிறது, எந்த எண்ணில் கத்துகிறது என்று கோடு போட்டுக் காட்டும். நாலாயிரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு மட்டும் பனைமரம் மாதிரி நெட்டையாக எழும்பும். ஆம்ப்ளிபயர் பெட்டியில் அந்த எண்ணுக்கு உள்ள குமிழைத் தேடிக் குறைத்தேன். பனைமரம் படுத்துவிட்டது.

முதல் நாள் அவள் பயந்து பயந்து தட்டினாள். இன்று தட்டுகிற தட்டில் முழங்கால் வீங்கிவிட்டது. கல்யாணம் ஆன நாளில் இருந்து அடக்கி வைத்தது எல்லாம் வருகிறது என்றேன். அதற்கும் ஒரு தட்டு.

ஆவணி 4, புதன்

விடிவதற்குள் போய்விட்டோம். என் மேசைக்குப் பின்னால் இரண்டு நாற்காலி கிடந்தது. தனுஷ்கோடி போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீனியம்மாள் பட்டுச்சேலை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் பாதிப் பேர் அவளைப் பெண் வீட்டுப் பெரியம்மா என்று நினைத்து வணக்கம் வைத்தார்கள். அவளும் எல்லாருக்கும் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

தாலி கட்டு முடிந்தது. வாழ்த்துரை. மாப்பிள்ளைக்குத் தாய்மாமா ஒருவர், கையும் காலும் நிற்காத மனிதர், மைக்கைக் கையில் பிடுங்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கி நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்தார். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போனால் கீச்சுத்தான்; மைக் செட்காரன் கனவில் வருகிற சைத்தான் இதுதான். தனுஷ்கோடி தூண் பக்கத்தில் நின்று என்னையே பார்க்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முந்நூறு முகத்தைப் பார்க்கிறேன், யார் கை காதுக்குப் போகிறது என்று. முழங்காலில் ஒரு தட்டு விழுந்தது. இறக்கினேன். ஒரு கையும் எழும்பவில்லை. தாய்மாமா பேசிக்கொண்டே மேடைக்குத் திரும்பினார். மெதுவாக ஏற்றினேன். நடந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தனுஷ்கோடிக்கும் மட்டும் தெரியும்.

அடுத்து அதே ஹெட்மாஸ்டர். இந்த வீட்டுக்கும் சொந்தமாம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும், முழங்காலில் பலமாக ஒரு தட்டு. மொத்தமாக இறக்கிவிட்டேன். ஹெட்மாஸ்டர் வாய் மட்டும் அசைகிறது. கூட்டம் ஒரு நொடி பார்த்துவிட்டுப் பலமாகக் கை தட்டியது. அவர் பேச்சு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார் போல, கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

"ரொம்பக் கத்திருச்சோ?" என்று சீனியம்மாளிடம் கேட்டேன்.

"கத்தவே இல்லையே. பந்தி ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொல்லத்தான் தட்டுனேன்."

சாப்பிடும்போது தனுஷ்கோடி இலைக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கா, அடுத்த முகூர்த்தம் பன்னிரண்டாம் தேதி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. அவளிடம்தான் சொன்னார்.

மெயின் குமிழ் ஐந்து. மைக் நாலரை. நாலாயிரம், அடியோடு கீழே.

ஆவணி 5, வியாழன்

காலையில் குக்கருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஆவி பீறிடுவதைக் கண்ணால் எண்ணினேன். மூன்று. அணைத்தேன். பருப்பு பதமாக வெந்திருந்தது. இரண்டாம் பாடம் தொடங்கியிருக்கிறேன், குழாயில் நிலை அலை. நாதஸ்வரமும் அதில் வருகிறது.

பாடம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீனியம்மாள் வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இடப்பக்கம் வந்து நின்றாள். வாய் அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னாள், சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"என்ன சொன்ன?"

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தாள்.

"கணுவுல நின்னு சொன்னேன்" என்றாள். "அங்க நின்னு சொல்றதுக்குன்னு மூணு வருசமாச் சேத்து வச்சிருக்கேன். இனிமே தெனம் ஒண்ணு."